உடுக்குறி தொலைந்தால் வரலாறு மாறும்: பாகூர்ச் செப்பேடும் யூனிட் டெஸ்டும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற வழியில் மேற்கே திரும்பினால் பாகூர். பல்லவர் காலத்தில் அங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக் கூடம் இருந்தது. நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி 5 செப்பேடுகளில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஏடுகள் 1879-இல் கிடைத்தன. ஹுல்ட்ஸ் இவற்றை 'எபிகிராபியா இண்டிகா' 18-ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

கல்வெட்டோ செப்பேடோ, அச்சில் வரும்போது நடுநடுவே அடைப்புக்குறிகள் வரும். பலர் அதைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். ஆனால் உண்மையான சரக்கே அங்கேதான் இருக்கு. எபிகிராபியா இண்டிகா மரபில் 'ஸ்வஸ்தி[ஸ்ரீ]' என்றால், 'ஸ்ரீ' சிதைந்திருக்கிறது, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். 'ஸ்வஸ்தி[ஸ்ரீ*]' என்றால், 'ஸ்ரீ' அங்கே இல்லை, பதிப்பாசிரியர் சேர்த்தது. வித்தியாசம் ஒரே ஒரு உடுக்குறி. கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளுக்காக 1931-இல் லைடனில் வகுத்த மரபிலோ, வெறும் சதுர அடைப்பே 'அழிந்துபோனதை நாங்கள் நிரப்பினோம்' என்று சொல்லும். ஒரே குறி, ரெண்டு அர்த்தம்.

இப்போது இந்தக் குறிகள் எல்லாம் எக்ஸ்எம்எல் டேக்குகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. கல்வெட்டுகளுக்கென்று எபிடாக் என்ற டேக் மரபே உண்டு. 2019-இல் ஐரோப்பிய நிதியுதவியுடன் தொடங்கிய தர்மா திட்டம் அதைத்தான் பயன்படுத்துகிறது. நம்ம ஊர் ஈஎப்ஈஓ மையத்துக்கும் அதில் பங்குண்டு. எபிடாக்கில் 'தெளிவில்லை' என்பதற்கு ஒரு டேக், 'சேர்த்தது' என்பதற்கு வேறொரு டேக்.

அச்சுப் பாடத்தைக் கொடுத்தால் டேக் போட்டுத் தரும் ஒரு சின்ன நிரலை நானும் எழுதிவருகிறேன். அது சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் யூனிட் டெஸ்ட். 1997-இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள். சில மாதம் கழித்து, 1998 பிப்ரவரியில், எக்ஸ்எம்எல் 1.0 வெளியானது. அதன் சட்டம் கறாரானது: திறந்த டேக்கை மூடவில்லையென்றால் பார்சர் நின்றுவிடணும். எச்டிஎம்எல் மாதிரி 'போனாப் போகுது' என்று விடக்கூடாது.

ஆக முதல் டெஸ்ட் எளிது: வெளியே வருவதைப் பார்சரிடம் கொடு, ஏற்கிறதா பார். ஆனால் செப்பேடு இங்கேயே வம்பு செய்யும். பாகூர் ஏடுகளின் சமஸ்கிருதப் பகுதி செய்யுள். செப்பேட்டில் எழுத்து வெட்டுகிறவர் ஒவ்வொரு செய்யுளையும் புது வரியில் தொடங்குவதில்லை; இடம் தீரும்போதுதான் அடுத்த வரி. அதனால் ஒரு செய்யுள் வரியின் நடுவே முடியும். இரண்டுக்கும் டேக் போட்டால் இப்படி ஆகும்:

<செய்யுள்> … <வரி> … </செய்யுள்> … </வரி>

பெட்டிக்குள் பெட்டி இருக்கலாம். பாதி உள்ளே பாதி வெளியே இருக்க முடியாது. தீர்வு, செய்யுளைப் பெட்டியாக வைத்து, வரி மாறும் இடத்தில் ஒரு மைல்கல் மட்டும் நடுவது. சிதைவும் செய்யுள் எல்லை பார்த்து வராது. ஒரு செய்யுளின் கடைசியில் தொடங்கி அடுத்ததின் முதலில் முடியும் அடைப்பை இரண்டாக உடைக்கணும். இதற்கென்றே ஒரு டெஸ்ட் தேவை.

அடுத்து, எதிர்பார்த்த விடையுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். டேக்குக்குள் பண்புகள் எந்த வரிசையில் வந்தாலும் எக்ஸ்எம்எல்லுக்கு ஒன்றுதான். இரண்டையும் பார்ஸ் செய்து மரமாக ஒப்பிடணும். தமிழுக்கு இன்னொரு சிக்கல்: யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இதெல்லாம் பாஸ் ஆனாலும் பெரிய ஓட்டை ஒன்று மிச்சம். நிரல் உடுக்குறியைக் கவனிக்காமல் இரண்டு அடைப்புக்கும் 'தெளிவில்லை' என்றே டேக் போட்டால்? எல்லாப் பெட்டியும் ஒழுங்காக மூடியிருக்கும். பார்சர் சந்தோஷமாக ஏற்கும். தகவல் மட்டும் பொய்.

அதனால் நான் முக்கியமாக நினைக்கும் டெஸ்ட் இது: 'சேர்த்தது' டேக்கை உள்ளிருக்கும் எழுத்தோடு நீக்கு, மற்ற டேக்குகளை மட்டும் உதிர்த்துவிடு. செம்பில் கண்ணால் கண்ட எழுத்து மட்டுமே மிஞ்சணும். 'ஸ்வஸ்தி[ஸ்ரீ]' கொடுத்தால் 'ஸ்வஸ்திஸ்ரீ' வரணும். 'ஸ்வஸ்தி[ஸ்ரீ*]' கொடுத்தால் 'ஸ்வஸ்தி' மட்டும்தான்.

'ஸ்ரீ' என்பதால் பாதகமில்லை. அந்த இடத்தில் ஒரு ஊர்ப்பெயரோ, நிலத்தின் அளவோ, ஆட்சியாண்டோ இருந்தால்? அச்சுப் புத்தகத்தைப் படிக்கிறவருக்கு அடைப்பு கண்ணில் படும். ஆயிரம் கல்வெட்டுகளில் ஒரு சொல்லைத் தேடி எண்ணிக்கை எடுக்கிறவருக்கு டேக் சொல்வதுதான் சாட்சி. அந்த டேக் தவறினால், 20-ஆம் நூற்றாண்டு அறிஞரின் ஊகம் 9-ஆம் நூற்றாண்டு மன்னனின் வாக்காக மாறிவிடும். அதை எந்தப் பார்சரும் தடுக்காது. ரெண்டு வரி டெஸ்ட் தடுக்கும்.