எஞ்சினின் கோளாறைக் கண்டுபிடித்தவர்கள்: சென்னை கார் மெக்கானிக் தொழிலின் கதை

சென்னையில் கார் மெக்கானிக் தொழில் குதிரை வண்டிப் பட்டறையிலிருந்து கிளைத்தது. 1840இல் கோச்சு வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில்தான், 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். வண்டி கட்டுவோருக்கு மரமும் இரும்பும் தோலும் கைவந்தவை. பெட்ரோல் எஞ்சினோ முற்றிலும் புதிது. ஜமீன்தார், வெள்ளைக்கார அதிகாரி, பெருவணிகர் ஆகியோரிடமே கார் இருந்த அந்தக் காலத்தில், வண்டி வழியில் நின்றால் டிரைவரே மெக்கானிக்காகவும் ஆக வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதே ஆண்டு உருவான ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் வண்டலூரில் கார் தயாரிப்பில் இறங்கியது. சுங்கவரி ஆணையத்தின் 1953ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, பாகங்களை இந்தியாவிலேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற நேர்ந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. சாலையில் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற மூன்று கார்களே பெரும்பாலும் மிஞ்சின.

இந்தக் கட்டுப்பாடுதான் சென்னை மெக்கானிக்கை உருவாக்கியது எனலாம். செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸும் பாடியிலிருந்த லூகாஸ் டிவிஎஸ்ஸும் உள்ளூர்க் கார்களுக்குப் பாகங்கள் தந்தன. டாட்ஜ், செவர்லே போன்ற பழைய வெளிநாட்டு வண்டிகளுக்கு லேத் பட்டறையும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுமே கதி. கிடைப்பதற்கு அரிதான பாகத்தை வீணாக மாற்ற முடியாது. எது கெட்டது என்பதை முதலில் உறுதியாகச் சொல்லியாக வேண்டும். அதே மூன்று எஞ்சின்களை முப்பது ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டியதில் கைக்கும் காதுக்கும் பழக்கம் ஏறியது. பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து தொழில் பழகியவர்களே மிகுதி.

அவர்களின் முறை எளிது, ஆனால் வரிசை தவறாதது. எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எந்த வயரைக் கழற்றினாலும் ஓட்டம் தடுமாற வேண்டும். எதைக் கழற்றும்போது மாற்றம் தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பிளக்கின் நுனி கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் போதவில்லை, எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தால் பெரும்பாலும் ரிங் தேய்ந்துவிட்டது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் விழும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மீதும் பிடியைக் காதிலும் வைத்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் உண்டு.

சென்னை வெயில் ஒரு தனிப் பாடம். நண்பகலில் கார் திடீரென நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கலாம். பட்டறை மொழியில் அது ஏர்லாக். காயிலோ டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சரோ சூட்டில் செயலிழந்திருந்தாலும் அறிகுறி அதேதான். வண்டி நின்ற அந்த நிமிடமே பிளக் வயரைக் கழற்றி நெருப்புப்பொறி வருகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பொறி வந்தால் குறை பெட்ரோல் பக்கம். வராவிட்டால் மின்சாரப் பக்கம். இதைப் பார்க்காமல் பெட்ரோல் பம்ப் மீது ஈரத்துணியைச் சுற்றி அனுப்பியவர்களும் ஏராளம். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் எல்லோரும் மேதைகள் என்பது பிற்காலத்து ஏக்கம். ஊகத்தில் கார்புரேட்டரைத் திருகியே காலம் தள்ளியவர்களும் இருந்தார்கள்.

1983இல் மாருதி 800 வந்தது, அதிலும் கார்புரேட்டர்தான். பழைய அறிவுக்கு உண்மையான முறிவு 2000ஐ ஒட்டி நேர்ந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் புதிய கார்கள் எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறின. கோளாறைச் சொல்லும் வேலையில் ஸ்கேனர் பங்கெடுத்தது. 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் விளிம்பைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம். அது இல்லாமல் விளிம்பு தேய்ந்து வால்வு உள்ளே இறங்க, டேப்பெட் இடைவெளி குறைகிறது. சத்தமும் அடங்கிவிடுகிறது. சத்தத்தை வைத்தே கோளாறு பார்த்த காது இங்கே ஏமாறும். எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டே கம்ப்ரஷனை இழக்கும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் டயாபிரத்தையும் கெடுப்பது இன்னொரு சிக்கல்.

ஹெரால்டின் தயாரிப்பு முன்பே முடிந்திருந்தது. ஃபியட்டின் வழிவந்த பத்மினி 2000ஐ ஒட்டியும், அம்பாசிடர் 2014இலும் நின்றன. அத்துடன் இந்த எஞ்சின்களைப் புதிதாகக் கற்க வரும் பையன்களும் குறைந்தார்கள். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தபின் உரிமையாளருக்குச் சட்டவழி தெளிவானது. மெக்கானிக்கைத் தேடும் வேலை மட்டும் அவரிடமே இருக்கிறது. பழைய கார்க் கழகங்களின் உறுப்பினர்களையும் லேத் பட்டறைக்காரர்களையும் விசாரிப்பதே இன்றும் பயன்தரும் வழி. வண்டியைப் பார்த்தவுடன் எஞ்சினை இறக்கச் சொல்பவரை விட்டுவிட்டு, முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கம்ப்ரஷன் அளந்து, பிறகு பேசுபவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.