போகும் வழியும் திரும்பும் வழியும்



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் கேட்டார்: "ஏன் மதினி, உங்க மக இன்னும் படகுலதான் குடும்பம் நடத்துதா? கரைக்கு எப்பத்தான் வரும்?" அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்தது. பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் மகளும் மருமகனும் ஐந்து வருடமாக மெக்சிகோ நாட்டில் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றில் வாழ்கிறார்கள். லா பாஸ் என்ற ஊர்தான் அவர்களுக்குத் துறைமுகம். வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. நவம்பர் முதல் மே வரை கடல். அந்தப் பக்கத்துப் பசிபிக் கடலில் மே 15 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதனால் கோடையில் நிறையப் பேர் வடக்கே சான் கார்லோஸ், குவைமாஸ் பக்கம் படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஜூன் பிறந்தால் மகள் வருவாள், அக்டோபரில் கிளம்புவாள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெளிநாட்டுப் படகுக்கு மெக்சிகோ அரசு 10 வருட அனுமதி தருகிறது. அதில் வரும் சுற்றுலாப் பயணிக்கு அதிகபட்சம் 180 நாள்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. முந்தின வருடம் மாசி மாதம் என் மாமியார் காலமானார். என் மகளை வளர்த்தவர் அவர்தான். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்ததெல்லாம் அப்பத்தாதான். செய்தி அனுப்பினோம். அவர்கள் அப்போது டவர் இல்லாத ஒரு தீவின் ஓரம் நங்கூரம் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள்தான் செய்தியைப் பார்த்தாள். துறைமுகத்துக்கு வந்து, மூன்று விமானம் மாறி, ஆறாம் நாள் வந்து சேர்ந்தாள். முகம்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், அத்தனை பேர் முன்னால், "கப்பல்காரிக்கு வீடு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. நேராக உள்ளே போய் அப்பத்தா படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

இனிமேல் பாடம். வீட்டில் உலக வரைபடம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

34 வருடம் கொலம்பஸ், வாஸ்கோடகாமா, மெகல்லன் என்று உங்களுக்கு நடத்தினேன். யார் எந்த ஆண்டு புறப்பட்டார் என்று பரீட்சையில் கேட்டேன். எப்படித் திரும்பி வந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மெக்சிகோவின் கடல் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

மெக்சிகோவிலிருந்து மேற்கே ஆசியாவுக்குப் பாய்மரக் கப்பலில் போவது ஓரளவு சுலபம். பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் சைக்கிள் விடுவது போல. திரும்பி வருவதுதான் முடியவில்லை. 1527-இல் சாவேத்ரா என்பவர் மெக்சிகோவிலிருந்து போனார். திரும்ப இரண்டு முறை முயன்றார். இரண்டாவது முயற்சியில் கடலிலேயே இறந்துபோனார். 1542-இல் வில்லலோபோஸ் போனார். அவர் அனுப்பிய கப்பலும் எதிர்க்காற்றில் தோற்றுத் திரும்பியது. அவர் 1546-இல் அம்போன் தீவில் இறந்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் பெயர் உர்தனேத்தா. ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர். 1525-இல் பதின்ம வயதில், 7 கப்பல்கள் கொண்ட ஒரு பயணத்தில் சேர்ந்து வாசனைத் தீவுகளுக்குக் கிளம்பினார். அங்கே போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு கப்பல். திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொண்டு, 1536-இல்தான் போர்ச்சுக்கீசியர் வழியாக ஐரோப்பா வந்தார். 11 வருடம்! பிறகு மெக்சிகோ போய்த் துறவியானார். ஐம்பது வயதுக்கு மேல் ஸ்பெயின் அரசர் கேட்டுக்கொண்டதால் மறுபடி கடலேறினார்.

1564 நவம்பரில் மெக்சிகோவின் நவிதாத் துறையிலிருந்து அந்தக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் போயின. 1565 ஜூன் 1-ஆம் தேதி செபுவிலிருந்து உர்தனேத்தா திரும்பினார். நேர் கிழக்கே எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. வடக்கே ஏறினார், ஏறக்குறைய 40 பாகை வரை. அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதைப் பிடித்து கலிபோர்னியா கரைக்கு வந்து, கரையோரமாகவே தெற்கே இறங்கி, அக்டோபர் 8-இல் அகபுல்கோ சேர்ந்தார். நான்கு மாதத்துக்கு மேல். வழியில் பலர் இறந்தார்கள். சுற்றுவழிதான். ஆனால் வீடு சேர்க்கும் வழி அது ஒன்றுதான். ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயரே 'திரும்பும் பயணம்'.

அதற்குப் பிறகு 1815 வரை, 250 வருடம், மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியது. அட்டவணை போட்டது காற்றுதான். மணிலாவில் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றோடு புறப்பாடு. குற்றாலத்தில் சாரல் விழும் அதே பருவம்! டிசம்பர், ஜனவரி வாக்கில் அகபுல்கோ. மார்ச் வாக்கில் மறுபடி மணிலாவுக்கு. நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் மணிலா போய், அங்கிருந்து இந்தக் கப்பல்களில் மெக்சிகோ போயின. அங்கே இன்றும் ஒரு மாம்பழத்தின் பெயர் மணிலா. தென்னங்கள் இறக்கும் தொழிலைப் பிலிப்பைன்ஸ் மாலுமிகள்தான் அந்தக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கொலிமா பக்கம் இன்றும் கள் விற்கிறது. நாம் சாப்பிடும் சப்போட்டாவின் பெயரோ மெக்சிகோவின் பழங்குடி மொழியிலிருந்து வந்தது.

எல்லாருக்கும் திரும்பும் வழி கிடைத்துவிடவில்லை. மீர்ரா என்ற இந்தியச் சிறுமியைப் போர்ச்சுக்கீசியர் பிடித்து, கொச்சியில் ஞானஸ்நானம் கொடுத்து, மணிலாவில் அடிமையாக விற்றார்கள். 1620 வாக்கில் இதே வழியில் மெக்சிகோ வந்தாள். புவெப்லா நகரில் கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெயரோடு வாழ்ந்து 1688-இல் இறந்தாள். ஆசியாவிலிருந்து வந்த எல்லாரையும் அங்கே சீனர் என்றே சொன்னார்கள். இவளும் 'சீனப் பெண்' ஆனாள். ஊர் திரும்பவேயில்லை. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "அம்மா, சாப்பிட்டியா?" என்றாள். வேறெதுவும் பேச வரவில்லை எனக்கு.

என் மகள் கப்பல்காரிதான். ஆனால் வருடா வருடம் திரும்புகிறவள். குளிர்காலத்தில் அங்கே வடகாற்று வீசும். நம் வாடை மாதிரி. மேலே வர வேண்டும் என்றால் அது தணியும்வரை தீவு மறைவில் காத்துக் கிடக்க வேண்டும். காற்றையும் அனுமதிச் சீட்டையும் விமானத்தையும் பொருத்தித்தான் அவள் என்னிடம் வருகிறாள். கரையில் இருக்கும் நான், அந்த ஆறு நாளை மட்டும் எண்ணினேன்.

சாவு நாள் பார்த்து வருவதில்லை என்பதும் உண்மை. அதற்கு இன்னும் எங்களிடம் விடை இல்லை. இப்போது படகில் செயற்கைக்கோள் இணையக் கருவி வைத்திருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் தினமும் ஒரு வரி அனுப்புவாள். எனக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு வரி யாருக்காக என்று இருவருக்குமே தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் வருகிறாள். வாசலில் கேட்டதற்கு வாசலிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாதா என்ன?

மாணவர்களே, உங்களில் பாதிப் பேர் இன்று வெளியூர், வெளிநாடு. அம்மாவுக்குக் கடைசியாக எப்போது போன் செய்தீர்கள்? பதிலைக் கமெண்டில் எழுத வேண்டாம். போனை எடுத்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்