அளமும் களரும்

‘உப்பளம்’ என்ற சொல்லில் உப்பு இரண்டு முறை இருக்கிறது. அளம் என்றாலே உப்பு விளையும் நிலம்தான். தனித்து வழங்கிய அச்சொல்லின் பொருள் பேச்சில் மங்கியபோது, விளக்கத்துக்காக ‘உப்பு’ முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘கேட்டு வாசல்’ என்கிறோமே, அப்படி.

நெய்தல் நில மக்களைப் பரதர், நுளையர், அளவர் என்று வரிசைப்படுத்துகிறது நம்பியகப்பொருள். மூன்றாமவர்தான் அளத்தில் பாடுபட்டவர்கள். அவர்தம் பெண்டிர் அளத்தியர். விளைந்த உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றவர்களுக்கு உமணர் என்று வேறு பெயர். அவர்கள் உப்புக்கு நெல்லை மாற்றாகப் பெற்றதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன.

உப்பு ஏறிய மண்ணுக்கு உழவர் மொழியில் இன்னொரு பெயர் உண்டு: களர். எதுவும் விளையாத மண் என்பதால்தான் வள்ளுவர் கல்லாதவரைக் களருக்கு ஒப்பிட்டார். உழவன் கைவிட்ட உவர்ப்பையே அளவன் முதலாக்கினான். ஆனால் சொற்களை உழவனிடமிருந்தே எடுத்துக்கொண்டான். அளத்திலும் பாத்தி உண்டு, வரப்பு உண்டு. உப்பு அங்கே ‘விளைகிறது’.

மண் உவர்ப்பாக இருந்தால் மட்டும் அளம் ஆகிவிடாது. நீர் கீழே இறங்காத களிமண், கொளுத்தும் வெயில், ஈரமில்லாத காற்று, நீண்ட கோடை எல்லாம் கூடிவர வேண்டும். தூத்துக்குடியில் இவை கூடியிருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இங்கே இறங்குகிறது. கடல்நீரின் செறிவு பாமே மானியில் சுமார் 3 டிகிரி. பாத்தி மாற்றிப் பாத்தியாகக் காயவிட்டு, 25 டிகிரியை எட்டும்போது உப்புப் பரல் கட்டுகிறது. 30 டிகிரியை நெருங்கும் முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்; தவறினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். படிந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் சேர்ப்பதற்கு ‘உப்பு வாருதல்’ என்று பெயர். வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்க, உவர்நீரில் கால் ஊற நின்று செய்யும் வேலை அது. இந்தப் பாடுகளைத்தான் ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலாக்கினார்.

மலைக்கு மேற்கே கேரளக் கடலும் கரிக்கத்தான் செய்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் அந்தக் கரையில் உப்புத் தொழில் பெரிதாக வேரூன்றவில்லை.

தூத்துக்குடி அளத்துக்கும் மழைக்காலம் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மானாவாரி உழவர்க்கு விதைப்பு. அளத்தில் வாருதல் நிற்கும், கூலியும் நிற்கும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பயிருக்கு நீர் கேட்டு உழவர் பார்க்கும் அதே வானத்தை, எப்போது வெளிவாங்கும் என்று இவர்கள் பார்க்கிறார்கள்.