ஆறு திங்கள் காத்திருப்பு

பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டால் பயண ஏற்பாடு முடிந்ததென்று கருதுவோர் உளர். நாயையும் உடன்கொண்டு பிரிட்டனுக்குள் நுழைய விரும்பியோர்க்கோ, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அது ஆறு மாதக் கணக்காக இருந்தது.

நாய்களுக்கு வாய்க்கூடு பூட்டியும், வெளிநாட்டு நாய்களைத் தனித்து வைத்தும் அந்நாடு 1902-இல் வெறிநாய்நோயை ஒழித்தது. 1918-இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. முதல் உலகப் போர்க்களங்களிலிருந்து திரும்பிய வீரர்கள் மறைத்துக் கொணர்ந்த நாய்களே காரணம் என்பர். போர்முனையில் துணைநின்ற உயிரை விட்டுவர யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் அவ்வன்பின் விளைவை அடக்க 1922 வரை ஆயிற்று.

பின்னர்ச் சட்டம் நெடுங்காலம் நெகிழவில்லை. மலாயாவில் துரை பங்களாவின் முற்றத்தில் ஓடித் திரிந்த நாயும், தாயகம் திரும்பும் எசமானனோடு கப்பலேறினால், இறங்கியதும் ஆறு மாதம் கூண்டில் கிடந்தே ஆகவேண்டும். செலவு எசமானனுடையது, தவிப்பு நாயினுடையது.

2000-ஆம் ஆண்டில், மேற்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வருவனவற்றுக்குப் புதிய திட்டம் பிறந்தது. தோலுக்கடியில் அடையாளச் சில்லு, தடுப்பூசி, ஊசி பலித்ததைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்தே நுழைவு. காத்திருப்பு குறைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூண்டில் கழிந்த காலம் வீட்டில் கழிந்தது, அவ்வளவே. நாய்க்கு அது சிறிய வேறுபாடன்று. 2012-இல், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வருவனவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் நீங்கி, தடுப்பூசிக்குப்பின் 21 நாள் போதுமென்றாயிற்று.