எண்ணூர் அடுப்புக்கு மணிக்கு எவ்வளவு கரி?

கேஸ் சிலிண்டர் வருவதற்கு முன்னாடி சென்னை வீடுகளில் குமுட்டி அடுப்பு இருந்தது. மேலே கரி, கீழே காற்று போக ஒரு வாய், கையில் விசிறி. தணல் ஏறணும்னு கரியை மட்டும் அள்ளிக் கொட்டினால் புகைதான் வரும். கரிக்கு ஏத்த காற்றும் போகணும். இந்தக் கணக்கைத்தான் பெரிய சைஸில் எண்ணூரில் போட்டார்கள்.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கியது. 1975-க்குள் ஐந்து யூனிட்: 60 மெகாவாட்டில் இரண்டு, 110-இல் மூன்று, மொத்தம் 450. இந்த மாதிரி நிலையத்தில் யாரும் மண்வெட்டியால் கரி தள்ளுவதில்லை. ஃபீடர் என்ற மெஷின் நிலக்கரியை மில்லுக்கு அனுப்பும். மில் அதை முகப்பவுடர் மாதிரி அரைக்கும். சூடான காற்று அந்தத் தூளை பாய்லருக்குள் ஊதும். ஊர் கரண்டை அதிகமா இழுத்தால் நீராவி அழுத்தம் இறங்கும். உடனே ஃபீடர் வேகத்தையும் காற்றையும் சேர்த்து ஏத்தணும். நம்ம பாஷையில ஃபீட்பேக் லூப். ஆனா செம லேட்டன்சி. கரி அரைபட்டு, எரிந்து, தண்ணி ஆவியாகி அழுத்தம் திரும்புவதற்குள் பொறுமை இழந்து இன்னும் ஏத்தினால், கொஞ்ச நேரத்தில் அழுத்தம் தேவைக்கு மேலே போய் நிற்கும்.

இதுவரைக்கும் என்ஜினியரிங். சிக்கல் எரிகிற பொருளில் இருக்கு. வடசென்னை நிலையங்களுக்கு வரும் கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வருவது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வரை சாம்பல். சூடு குறைவு என்பதால் அதே கரண்டுக்கு ஃபீடர் வேகமா சுத்தணும். வேகம் கூடக்கூட சாம்பலும் கூடும்.

அத்திப்பட்டில் 1994 முதல் 1996 வரை வந்த மூன்று 210 மெகாவாட் யூனிட்களை எடுத்துக்கோங்க. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.7 கிலோ கரி. முழு லோடில் ஓடினால் மணிக்கு சுமார் 440 டன், நாளைக்கு 10,000 டன்னுக்கு மேல. சாம்பல் மட்டும் கிட்டத்தட்ட 4,000 டன்! (கால்குலேட்டரில் நானே போட்ட தோராயக் கணக்கு.)

குமுட்டிச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கலாம். இதைத் தண்ணியில் கரைத்து, குழாய் வழியா சாம்பல் குளத்துக்குத் தள்ளினார்கள். குழாய் கசிந்த இடத்தில் எல்லாம் அது கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. இறால் பிடிக்கும் மீனவர்களுக்கு ஆழம் போச்சு, சேறு சாம்பல் நிறமாச்சு. கண்ட்ரோல் ரூமில் நீராவிக்கும் ஃபீடருக்கும் மீட்டர் இருந்தது. ஆற்றுக்கு யாரும் மீட்டர் வைக்கவில்லை. என்னைக் கேட்டால் டிசைனிலேயே விட்டுப்போன அளவீடு அது.

ராயபுரம் பக்கம் வேறு கதை. சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கும்போது தூசி வீட்டுக்குள் வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் அங்கே கரி இறக்குவது நின்றது. கரிக் கப்பல்கள் 2001-இல் திறந்த எண்ணூர் துறைமுகத்துக்குப் போயின. பழைய எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச் 31-இல் மூடினார்கள். அத்திப்பட்டில் அதற்குள் 600 மெகாவாட்டில் இன்னும் இரண்டு யூனிட் வந்துவிட்டது.