விமானிப் பஞ்சம்: அன்றும் இன்றும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் மீனம்பாக்கத்தில் பயணிகள் பெட்டியும் கையுமாகத் தவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். விமானிகளுக்கு வாரம் 48 மணி நேரத் தொடர் ஓய்வு, இரவில் தரையிறங்குவதில் குறைப்பு என்று புதிய விதி வந்தது. அதற்கு ஈடுகொடுக்கும் ஆள்பலம் இண்டிகோவிடம் இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அதிலிருந்து எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம், பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பைலட் படிப்புப் பேச்சுதான். ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடிக்கும் பயிற்சி. செலவோ ஒரு கோடியை எட்டும். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் பழைய கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. டாட்டாவுடையது, 1929 பிப்ரவரியில் பெற்றார். 1930 வாக்கில் சென்னையிலும் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்துவிட்டது. அன்று பறப்பது பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு.

1939-இல் யுத்தம் மூண்டபோது இந்திய விமானப்படையில் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். கிளப்புகளில் பறந்து பழகியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 1940-இல் அப்படி 24 பேர் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் பள்ளிகள் திறந்து, டைகர் மாத் விமானங்களில் புதியவர்களைப் பழக்கினார்கள். யுத்தம் முடிகையில் ஸ்குவாட்ரன்கள் 9.

பிறகு கதை தலைகீழானது. ராணுவம் கழித்த டகோட்டா விமானங்களை மலிவாக வாங்கிப் பல கம்பெனிகள் கிளம்பின. பல நஷ்டத்தில் தள்ளாடின. 1953 ஆகஸ்டில் எட்டு கம்பெனிகளை இணைத்து அரசு இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தது. அதன்பின் சுமார் நாற்பது வருடம் பயணிகள் விமானம் ஓட்ட வேண்டுமானால் அரசிடம்தான் வேலை. எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் உரிமம் பெட்டிக்குள் தூங்கும்.

தொண்ணூறுகளில் தனியார் வந்தார்கள். நம் சென்னையின் என்.இ.பி.சி. 1997-இல் நின்றது. இன்னொரு சென்னைக் கம்பெனியான பாரமவுண்ட் 2005-இல் தொடங்கி 2010-இல் நின்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ். ஒவ்வொரு கம்பெனி மூடும்போதும் அனுபவமுள்ள விமானிகள் வேலை தேடி வருவார்கள். புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளை அவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பஞ்சம் என்று சொல்வது பெரும்பாலும் கேப்டன்களுக்கு. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால் போதும். கேப்டனாவதற்கான உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். அதைப் பணம் கட்டி இரண்டு வருடத்தில் வாங்க முடியாது. குறுக்கு வழி தேடியவர்களும் உண்டு. போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் 2011-இல் கைதானார்கள். அமெரிக்காவிலோ, 2009-இல் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் என்று 2013-இல் விதித்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு உண்மையான ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம். பணம் கட்டுமுன் கண், காது, இதயம் எல்லாம் பார்த்துத் தரும் மருத்துவத் தகுதியை முதலில் வாங்கிவிடுங்கள். ஏர்பஸ் போன்ற பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. அதற்கான பணம் மொத்தக் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உரிமம் கைக்கு வந்தபின் இரண்டு மூன்று வருடம் சம்பளமில்லாமல் இருக்க நேர்ந்தாலும் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். அதன்பிறகு வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கலாம்.