கடலோடு போன ஜோடி

ஜப்பானின் காமகுரா நகரில், த்சுருகாஓகா ஹச்சிமான் கோயிலில் ஒரே வேலைப்பாட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, மைக்கட்டியை உரைக்கும் கல்லையும் தூரிகையையும் வைக்கும் எழுதுபெட்டி. மற்றது கைப்பெட்டி. பட்டம் துறந்த பேரரசர் கோ-ஷிரகாவா, படைத்தலைவர் மினமோட்டோ யோரிடோமோவுக்குத் தந்தவை அவை என்பது வழிவழியாக வரும் பேச்சு. வயது சுமார் 800.

எழுதுபெட்டியின் மூடியைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். தங்கப்பொடி தூவிய தரையில் ஒரு வேலி. அதை ஒட்டிச் செவ்வந்திகள், நடுவே பறவைகள். பூவெல்லாம் சிப்பியை நறுக்கிப் பதித்தது. வெளிச்சம் நகர்ந்தால் நிறமும் நகரும். வேலியோரச் செவ்வந்தியைக் கண்டதும் அந்தக் காலத்துப் படிப்பாளிக்குச் சீனக் கவி தாவ் யுவான்மிங் ஞாபகம் வந்துவிடுவார். கவிதையை எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை.

1873-இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி. ஜப்பானின் மெய்ஜி அரசு முதன்முறையாக அதிகாரபூர்வமாகக் கலந்துகொண்டது; நாட்டின் அருமையான பொருள்களைத் திரட்டி அனுப்பியது. கைப்பெட்டி கப்பலேறியது, எழுதுபெட்டி ஊரிலேயே தங்கியது.

திரும்பும் வழியில் பொருள்கள் 'நீல்' என்ற பிரெஞ்சு நீராவிக் கப்பலில் வந்தன. யோகோஹாமாவை நெருங்கும்போது, 1874 மார்ச் 20-ஆம் தேதி, இசு தீபகற்பத்தில் இருமா கிராமத்துக்கு எதிரே கப்பல் மூழ்கியது. பிழைத்தவர்கள் நான்கே பேர். உலகத்தின் பாதியைச் சுற்றிவிட்டு வீட்டு வாசல்வரை வந்தும் வீடு சேராமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மறு ஆண்டு முக்குளிப்பவர்கள் சரக்கில் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்தார்கள். ஓராண்டுக்கு மேல் உப்புநீரில் கிடந்த, இந்தப் பெட்டிகளைப் போலப் பூச்சு பூசிய பொருள்கள் பல, பளபளப்புக் குறையாமல் வந்தன. அந்தப் பூச்சு நம் ஊர் அரக்கு அல்ல. உருஷி மரத்தைக் கீறி எடுக்கும் பால். வெயிலில் காயாது. ஈரக்காற்றில் வைத்தால்தான் இறுகும். இறுகிவிட்டால் தண்ணீரும் அமிலமும் அதை எளிதில் தொடமுடியாது. அப்படி மீண்டவற்றில் சில டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கைப்பெட்டி அவற்றில் இல்லை. அதைச் செய்தவரின் கையில் குறையேதும் இல்லை. யார் கையிலாவது அகப்பட்டிருந்தால் அதுவும் மினுங்கிக்கொண்டுதான் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எழுதுபெட்டி இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். தொலைந்த ஜோடியின் அழகை ஊகிக்க விரும்புகிறவர்கள் அதன் மூடியில் உள்ள செவ்வந்திகளைத்தான் பார்க்கிறார்கள்.